புளியங்கொட்டை பட்ஜெட்

'நீர்ப் பாதுகாப்பும் காலநிலைத் தகவமைப்பும்: மக்கள் பங்கேற்பு ஆய்வு' என்று அறிக்கையின் அட்டையில் போட்டிருப்போம். உள்ளே வரைபடம், அட்டவணை எல்லாம் சலவைக்குப் போய்வந்த வேட்டி மாதிரி இருக்கும். ஆனால் சித்திரை மாதத்து மழை அட்டவணையில் '40 மி.மீ.' என்று வந்த எண்ணை நாங்கள் ஏன் அடித்தோம் என்பது எந்தப் பக்கத்திலும் இருக்காது. அந்தச் சங்கதிகளையெல்லாம் யார் எழுதுவது? நான்தான். வாருங்கள், உள்ளே கூட்டிப் போகிறேன்.

ராமநாதபுரம் மாவட்டம். ஒன்றின் கீழ் ஒன்றாகக் கோத்துவிட்ட கண்மாய்கள். மேலே இருப்பது பெருகி மறுகால் போனால்தான் கீழே இருப்பதற்குத் தண்ணீர். ஊர்ப் பெயர்கள் வேண்டாம், மேலக் கண்மாய், கீழக் கண்மாய் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு ஊர்க்காரர்களே மழையை அளந்து, தண்ணீரை அளந்து, இருக்கிற தண்ணீருக்கு என்ன பயிர் வைக்கலாம் என்று பேசி முடிவெடுக்க வேண்டும். ஆய்வு அவ்வளவுதான். என் வேலை ஒருங்கிணைப்பு. அதாவது, எல்லாரும் என்னைத் திட்டலாம்.

மழைமானியைத் திறந்த வெளியில் வைக்க வேண்டும். பக்கத்தில் மரமோ கட்டடமோ இருந்தால், அதன் உயரத்தைப் போல இரண்டு மடங்காவது தள்ளி வைக்க வேண்டும். அப்படிப்பட்ட இடங்களெல்லாம் ஆடுகளுக்குச் சொந்தமானவை. கடைசியில் அய்யனார் கோயில் பொட்டலில் வேலி போட்டு வைத்தோம். தினமும் காலை 8.30 மணிக்கு ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி பள்ளிக்கூடம் போகிற வழியில் அளவு பார்த்து வாட்ஸ்அப் குழுவில் போடுவாள். முருகன் படம், 'இனிய காலை வணக்கம்', யாரோ வீட்டுக் காதுகுத்து அழைப்பு, இவற்றுக்கு நடுவே '0 மி.மீ.' என்று வரும். மறுநாளும் 0. அதற்கு மறுநாளும் 0.

ஒரு நாள் 40! வெயில் மண்டையைப் பிளக்கிறது, வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. மதுரையில் உட்கார்ந்திருந்த எங்கள் நீரியல் நிபுணருக்குத் தலைகால் புரியவில்லை. வெப்பச்சலன மழையாக இருக்கலாம், ஓர் ஊரில் மட்டும் பெய்திருக்கலாம் என்று செயற்கைக்கோள் படத்தைத் தேட ஆரம்பித்துவிட்டார். விசாரித்ததில், அந்தப் பெண்ணின் தம்பி ஒரு செம்புத் தண்ணீரை உள்ளே ஊற்றியிருந்தான். "அக்கா டெய்லி வந்து ஒண்ணுமில்லாமப் போகுது, பாவமா இருந்துச்சு" என்றான். நிபுணர் உட்பட ஒருவருக்கும் அவனைத் திட்ட வாய் வரவில்லை.

அடுத்தது ஒப்புதல் படிவம். ஆய்வு நெறிப்படி ஒவ்வொருவரிடமும் கையெழுத்து வாங்க வேண்டும். வெளியூரிலிருந்து வந்தவள் ஒரு தாளை நீட்டிக் கையெழுத்துக் கேட்டால், இந்தப் பக்கத்தில் முதலில் ஞாபகம் வருவது நிலப்பத்திரம்தான். படிவத்தைச் சத்தம்போட்டு வாசித்துக் காட்டினோம். முழுக்கக் கேட்ட ஒரு பெரியவர், "எப்ப வேணும்னாலும் விலகிக்கலாம்னு எழுதியிருக்கே, நீங்க விலகிப் போயிட்டா நாங்க என்ன பண்றது?" என்றார். அவர் கேள்விக்கு எங்கள் படிவத்தில் கட்டம் இல்லை.

கால வரிசை தயாரிக்கிற கூட்டத்தைப் பார்க்க டிக்கெட் போட்டு விற்கலாம். கடைசியாகக் கண்மாய் எந்த வருஷம் மறுகால் போனது என்று கேட்டோம். எம்.ஜி.ஆர். செத்த வருஷம் என்றார் ஒருவர். இல்லை, அதற்கு முந்தின வருஷம், அப்போதுதான் என் மூத்தவளுக்குத் தலைச்சன் பிள்ளை என்றார் இன்னொருவர். 1964 தனுஷ்கோடிப் புயலை மட்டும் எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள், அதற்கப்புறம் பிறந்தவர்கள் உட்பட! 2016-ம் அப்படித்தான். தமிழ்நாட்டில் அந்த வருஷம் வடகிழக்குப் பருவமழை வழக்கத்தைவிட 62 சதவீதம் குறைவு. ஊர்க்கணக்கில் அதற்குச் சதவீதம் இல்லை, மாட்டை விற்ற வருஷம்.

எனக்கு ரொம்பப் பிடித்தது ருசிப் பந்தயம். உப்பைக் கண்டுபிடிக்க எங்களிடம் கையடக்கமான மீட்டர் ஒன்று இருக்கிறது. தண்ணீரில் முக்கினால் எண் காட்டும். கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருந்தால் குடிக்க நல்லது, வேறு வழியே இல்லையென்றால் 2,000 வரை போகலாம் என்பது இந்தியத் தரக்கணக்கு. கடலோரமான இங்கே போர் போட்டால் பல இடங்களில் உப்புத் தண்ணீர்தான். அதனால்தான் குளிக்க, மாட்டுக்கு என்றில்லாமல் குடிக்க மட்டுமே என்று ஊருணியைக் கட்டிக் காத்திருக்கிறார்கள். மீட்டரைப் பார்த்த அப்பத்தா ஒருவர், "இதுக்கு எதுக்கு தாயி மிஷினு?" என்று சேலையைச் செருகிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பெயர் ஒட்டாத பாட்டில்களை வரிசையாக வைத்தோம். ஒரு மடக்கு, நாக்கைச் சப்புக்கொட்டல், தீர்ப்பு: இது ஊருணி, இது பள்ளிக்கூடத்து அடிபம்பு, இது நம்ம வாத்தியார் வீட்டுக் கிணறு. மீட்டர் காட்டிய வரிசையும் அப்பத்தா சொன்ன வரிசையும் ஒன்றேதான்! வாத்தியார் முகம்தான் சுருங்கிவிட்டது. அவர் கிணற்றுக்குக் கடைசி இடம்.

இனி புளியங்கொட்டை.

கோயில் வாசலில் கோலப்பொடியால் கண்மாயை வரைந்தோம். கரை, மடை, மிச்சத் தண்ணீர் மறுகால் போகிற கலுங்கு, வரத்துக்கால், உள்வாய் எல்லாம் பெண்கள் போட்டது. ஆண்கள் சுற்றி நின்று 'அங்கே வளையணும், இங்கே வளையணும்' என்று வாயாலேயே வரைந்தார்கள். கண்மாயில் இருக்கிற தண்ணீரையெல்லாம் புளியங்கொட்டையாக மாற்றி நடுவில் குவித்தாயிற்று. கணக்குச் சுலபம்தான்: ஓர் ஏக்கரில் 1 மி.மீ. மழை விழுந்தால் ஏறக்குறைய 4,000 லிட்டர். மூன்று மி.மீ. என்றால் ஒரு பெரிய டேங்கர் லாரி. "அடேயப்பா, நம்ம பொட்டல்ல இத்தனை லாரி வந்து நிக்குதா!" என்று ஒரு சத்தம். அப்புறம் வந்தது அடி. ஓர் ஏக்கர் நெல் விளைந்து வீடு வர ஏறக்குறைய 1,200 மி.மீ. தண்ணீர் வேண்டும், கிட்டத்தட்ட 50 லட்சம் லிட்டர். கூட்டம் கப்சிப்.

நெல்லுக்கு இத்தனை, மிளகாய்க்கு இத்தனை, ஆடுமாட்டுக்கு இத்தனை என்று கொட்டைகள் நகர்ந்தன. மிளகாய்ப் பக்கம் உட்கார்ந்தவர்களுக்குக் கொஞ்சம் மிதப்பு. ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்ததைப் பேச்சுக்குப் பேச்சு இழுத்தார்கள். அப்போது நீர்பாய்ச்சி எழுந்து வந்தார். தலைமுறை தலைமுறையாக மடை திறந்து வயல் வயலாகத் தண்ணீர் விடுகிற குடும்பம். அறுப்பு முடிந்து நெல்லாகக் கூலி வாங்கிய காலமெல்லாம் அவருக்குத் தெரியும். ஒன்றும் பேசாமல் குவியலிலிருந்து ஒரு பெரிய கை அள்ளி ஓரமாக வைத்தார். யாருக்கு என்று கேட்டோம். "சூரியனுக்கு. அவருக்கு ஆயக்கட்டே கிடையாது, ஆனா மொதப் பங்கு அவருக்குத்தான்." நிபுணர் ஆவியாதல் பற்றி விளக்க வைத்திருந்த சார்ட்டைச் சுருட்டிப் பைக்குள் வைத்துக்கொண்டார். அத்தோடு விடாமல் ஒரு பெண், "உள்வாயில நிக்கிற சீமைக்கருவேலுக்கு எத்தனை கொட்டை?" என்று கேட்க, ஒரே சிரிப்பு.

இது நாங்கள் கண்டுபிடித்த வித்தையில்லை. 2000-களில் அன்றைய ஆந்திராவின் வறட்சியான ஏழு மாவட்டங்களில், ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் துணையோடு விவசாயிகளே போர்க் கிணறுகளின் நீர்மட்டத்தை அளந்து, சுவரில் எழுதி, ராபி பருவம் தொடங்குமுன் பயிர்த் தண்ணீர்க் கணக்குப் போட்டார்கள். 'நெல் போடாதே' என்று யாரும் உத்தரவு போடவில்லை. கணக்கை நடுவில் வைத்தார்கள், பலர் தாமாகவே பயிரை மாற்றினார்கள். அது எவ்வளவு காலம் நிலைத்தது என்ற கேள்வி பிற்பாடு எழுந்தது. நியாயமான கேள்வி. மகாராஷ்டிரத்து ஹிவ்ரே பஜாரில் கிராம சபையே ஆண்டுதோறும் தண்ணீர்க் கணக்குப் பார்க்கிறது, அது நிலைத்திருக்கிறது. வித்தியாசம் எங்கே என்று கேட்டால், அளவுகோல் யாருடையது என்பதில்தான் என்பேன். திட்டத்தின் அளவுகோல் என்றால் திட்டத்தோடு போய்விடும்.

ஆகவே இரண்டு ஊரையும் ஒரே கூடத்தில் உட்கார வைத்தோம். என் வயிற்றில் புளி கரைந்த நாள். மேலக் கண்மாய்க்காரர்கள் கலுங்கின் மேல் மணல் மூட்டை அடுக்கித் தண்ணீரைத் தேக்குவார்கள், கீழக் கண்மாய்க்காரர்கள் ராத்திரியோடு ராத்திரியாக அதைத் தள்ளிவிடுவார்கள் என்பது ஊரறிந்த ரகசியம். பகலில் யாரும் பேச மாட்டார்கள். ஆனால் 2023 டிசம்பரில் பக்கத்து மாவட்டத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டியதை எல்லாரும் டிவியில் பார்த்திருந்தார்கள். ராமநாதபுரத்தில் ஒரு வருஷம் முழுக்கப் பெய்கிற சராசரியே சுமார் 83 செ.மீ.தான். அந்த மாதிரி ஒரு நாள் இங்கே வந்து, கலுங்கில் மூட்டையும் இருந்தால்? கரை உடைந்தால் மூழ்குவது கீழ ஊர். அப்புறம் மழையில்லாத நாட்களுக்குச் சொட்டுத் தண்ணீர் இல்லாமல் நிற்பது மேல ஊர். இதை நாங்கள் சொல்லவில்லை. மேல ஊர்க்காரர் ஒருவரே எழுந்து சொன்னார். நான் மேஜைக்கு அடியில் கையைத் தட்டிக்கொண்டேன்.

கலுங்கில் அளவு குறிப்பது, எந்த அளவுக்கு மேல் மூட்டை கூடாது என்பதை இரண்டு ஊரும் சேர்ந்து தீர்மானிப்பது என்று முடிவு. எல்லாம் சுபம். அப்போதுதான் ஒரு பையன் கேட்டான்: "என்ன கலர் பெயின்ட்?"

போச்சு! கருப்பும் சிவப்பும் பக்கத்தில் பக்கத்தில் வரக் கூடாது. பச்சை வேண்டாம், மஞ்சள் வேண்டாம், காவி பேச்சே வேண்டாம், நீலத்துக்கும் ஒரு மூலையிலிருந்து முணுமுணுப்பு. வெள்ளை அடித்தால் ஒரு மழைக்குத் தாங்காது. கண்மாய்த் தண்ணீரைப் பங்கிட்டு முடித்தவர்களால் ஒரு டப்பா பெயின்ட்டைப் பங்கிட முடியவில்லை. அரை மணி நேரம் இழுத்த பிறகு கொத்தனார் ஒருவர், "கலுங்குக் கல்லுலயே உளியால கோடு கொத்திருவோம், கலரே வேணாம்" என்றார். அடியா சென்டிமீட்டரா என்று அடுத்த சண்டை. கல்லின் ஒரு பக்கம் அடி, மறு பக்கம் சென்டிமீட்டர்.

செலவுக் கணக்கு அனுப்பும்போது 'கல் கொத்துதல்' என்ற தலைப்பே படிவத்தில் இல்லை. 'அளவீட்டுக் கருவிகள்' என்பதன் கீழ் போட்டேன். தயாரித்த நிறுவனத்தின் பெயரையும் வாரண்டி எத்தனை வருஷம் என்பதையும் நிரப்பும்படி கேட்டுப் பதில் வந்திருக்கிறது. கல்லை நட்டது எந்த ராஜா காலத்தில் என்று ஊரில் விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.