முற்றத்தில் ஓர் எஞ்சின்

தெல்தெனியவிலிருந்து ஹுன்னஸ்கிரிய ஊடாக மஹியங்கனைக்குச் சரக்கேற்றும் நமது வியாபாரிகளுக்குப் பழைய டவுன்ஏஸ் வேன் புதியதல்ல. 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. விலையைக் கேட்டவர்கள் பழைய எஞ்சினையே புதுப்பிக்க நினைப்பதில் வியப்பில்லை.

இவ்வேன்கள் சிலவற்றிலுள்ள 1974 சீசீ டொயோட்டா 2சீ-டீ டர்போ டீசல் எஞ்சினின் பலவீனம் அதன் ஹெட். ஏற்றத்தில் சூடேறினால் வால்வுகளுக்கிடையே வெடிக்கும். ஆகவே ஹெட்டை மட்டம் பிடிக்கக் கொடுக்குமுன் பிரஷர் டெஸ்ட் செய்வியுங்கள். வெடித்த ஹெட்டுக்குப் புதுக் கெஸ்கட் போடுவது பணத்தை ஆற்றில் எறிவதுதான்.

கழற்றுவது, கழுவுவது, பூட்டுவது வீட்டில் முடியும். போர் அடிப்பதும் கிராங்க் கிரைண்ட் பண்ணுவதும் லேத்காரர் வேலை. டர்போவுக்கு ஒயில் போகும், திரும்பும் குழாய்களில் கரி அடைத்திருந்தால் புது டர்போவும் விரைவில் போய்விடும். டைமிங் பெல்ட்டையும் அப்போதே மாற்றிவிடுங்கள். அது அறுந்தால் வால்வு பிஸ்டனில் மோதும்.

சிலர் டர்போ அழுத்தத்தைக் கூட்டி, பம்பில் டீசலையும் கூட்டுகிறார்கள். வேகம் கிடைக்கும், சூடும் கூடும், கரும்புகையால் புகைப் பரிசோதனையிலும் தவறும். முதலில் ரேடியேட்டரைப் பாருங்கள், இன்டர்கூலர் பிறகு.

பூட்டியபின் முதல் 1000 கிலோமீற்றருக்கு முழுச்சுமையோடு ஹுன்னஸ்கிரிய ஏறாதீர்கள். பிறகு ஒயிலை மாற்றி, ஹெட்டில் நீர்க்கசிவு உண்டா எனப் பாருங்கள்.