தேர்வும் அதன் தராசும்

இந்திய சிவில் சர்விஸ் பதவிகளுக்குக் கிழக்கிந்தியக் கம்பெனியின் இயக்குநர்கள் தம் விருப்பப்படி ஆட்களை நியமித்து வந்தனர். 1853ஆம் ஆண்டுச் சாசனச் சட்டம் அதனை ஒழித்துப் போட்டித் தேர்வைக் கொணர்ந்தது. தகுதிக்கே முதலிடம் என்பது அதன் கொள்கை. ஆனால் எது தகுதி என்பதை யார் முடிவு செய்தனர்?

1855இல் லண்டனில் நடந்த முதல் தேர்வின் பாடத்திட்டம் இதற்கு விடை தருகிறது. கிரேக்கத்திற்கும் இலத்தீனுக்கும் தலா 750 மதிப்பெண்கள். அரபுக்கும் சமஸ்கிருதத்திற்கும் தலா 375. தமிழுக்கு அப்பட்டியலில் இடமே இல்லை. ஆளப்படுவோரின் செவ்வியல் கல்வி, ஆள்வோரின் கல்வியில் பாதியாகவே மதிக்கப்பட்டது.

இடமும் வயதும் வேறு தடைகளாயின. 1922 வரை இத்தேர்வு இந்தியாவில் நடைபெறவில்லை. 1878இல் உச்ச வயது 19ஆகக் குறைக்கப்பட்டது. 1892இல்தான் 23ஆக உயர்ந்தது. புதுக்கோட்டைச் சமஸ்தானத்துக் கீரனூரில் அரபு ஓதி வளர்ந்த ஓர் இளைஞன், அந்த வயதிற்குள் ஆங்கிலமும் கற்று, கப்பற் செலவும் தேடி லண்டன் சேர்வதை நாம் எண்ணிப் பார்க்கலாம். அதே சமஸ்தானத்தை 1934 முதல் 1946 வரை நிர்வகித்தவரோ, அத்தேர்வின் வழி வந்த அலெக்சாண்டர் டாட்டன்ஹாம்.

1979 முதல் குடிமைப் பணி முதன்மைத் தேர்வைத் தமிழிலேயே எழுதலாம். இது பெரும் பேறு. ஆயினும் விருப்பப் பாடங்களாயிருந்த அரபும் பாரசீகமும் இன்று அப்பட்டியலில் இல்லை. ஆகவே ஒரு தேர்வின் நீதியை ஆராயும்போது, யார் எழுதலாம் என்பதோடு எந்த அறிவுக்கு எவ்வளவு மதிப்பு என்பதையும் நாம் கேட்டாக வேண்டும்.