மாடிக்கு வைஃபை வரலையா? ரெண்டாவது கனெக்ஷனுக்குப் பணம் கட்டுறதுக்கு முன்னாடி இதைப் படிங்க



வேலம்பாளையத்துல எனக்கு ஒரு க்ளையன்ட். எக்ஸ்போர்ட் கம்பெனியில மெர்ச்சண்டைசர். கீழே அப்பாவோட செக்கிங் யூனிட், மேலே வீடு. ராத்திரி அமெரிக்க பையர் கூட வீடியோ கால் பேசினா பாதியிலயே கட் ஆகுது. "மாடிக்குத் தனியா ஒரு கனெக்ஷன் போடப் போறேங்க. அதை வரியில கழிக்க முடியுங்களா?"ன்னு கேட்டார்.

நான் திருப்பிக் கேட்டேன்: "மாடியில கம்ப்யூட்டருக்கு லேன் கேபிள் வருதா?" "வருதுங்க, அதுல ஸ்பீடு நல்லாத்தான் இருக்கு." பார்த்தீங்களா, நெட் ஏற்கனவே மாடிக்கு வந்துடுச்சு. வைஃபை சிக்னல்தான் கான்கிரீட் தளத்தைத் தாண்டல.

கணக்கைப் பார்ப்போம்

மாசம் 499 ரூபாய் பிளான்னு வச்சுக்குவோம். 18% ஜிஎஸ்டி சேர்த்தா சுமார் 589. வருஷத்துக்கு 7,066 ரூபாய், 3 வருஷத்துக்கு 21,198 ரூபாய். ஆனா பரண்ல கிடக்கிற பழைய ரவுட்டரே போதும்னா செலவு பூஜ்யம்.

பழைய ரவுட்டரை அக்சஸ் பாயின்ட் ஆக்குறது எப்படி?

1. பழைய ரவுட்டரை ரீசெட் பண்ணி, அதோட லேன் போர்ட்ல லேப்டாப்பை மாட்டுங்க. ரவுட்டருக்கு அடியில இருக்கிற முகவரியை பிரவுசர்ல டைப் பண்ணி உள்ளே போங்க.

2. 'அக்சஸ் பாயின்ட் மோடு' இருந்தா அதைத் தேர்வு பண்ணுங்க, பாதி வேலை முடிஞ்சது. இல்லைன்னா அடுத்த ரெண்டையும் கையால செய்யணும்.

3. ரெண்டு ரவுட்டருக்கும் ஒரே முகவரி இருக்கக் கூடாது. கீழே இருக்கிறது 192.168.1.1 என்றால், இதுக்கு 192.168.1.2 மாதிரி வேற எந்தக் கருவியும் பயன்படுத்தாத எண் குடுங்க.

4. டிஹெச்சிபி-யை ஆஃப் பண்ணுங்க. கருவிகளுக்கு முகவரி வழங்குற வேலையை மெயின் ரவுட்டர் மட்டும்தான் செய்யணும். ரெண்டும் செஞ்சா நெட் விட்டு விட்டு வரும்.

5. வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் கீழே இருக்கிற மாதிரியே வைங்க. சேனல் மட்டும் மாறணும்: கீழே 1 என்றால் மேலே 6 அல்லது 11.

6. கீழிருந்து வர்ற கேபிளை லேன் போர்ட்ல சொருகுங்க, வேன் போர்ட்ல இல்லை. (அக்சஸ் பாயின்ட் மோடு போட்டிருந்தா அந்த ரவுட்டரோட மேனுவல் சொல்ற போர்ட்.) இன்னொரு லேன் போர்ட்ல இருந்து கம்ப்யூட்டருக்கு எடுத்துக்கலாம்.

கவனிக்க வேண்டியது

பழைய ரவுட்டரோட போர்ட் 100 எம்பிபிஎஸ் வரைக்கும்தான் என்றால், 300 எம்பிபிஎஸ் பிளான்லயும் மாடிக்கு 100-க்குள்ளதான் வரும். வீடியோ காலுக்கு அதுவே தாராளம். கேபிள்லயே ஸ்பீடு வரலைன்னா, கோளாறு வைஃபையில இல்லை. முதல்ல கேபிளையும் கனெக்ஷனையும் செக் பண்ணுங்க.

அந்தப் பழைய பாக்ஸ் முன்னாடி இருந்த நெட் கம்பெனியோடதா? டெபாசிட் கட்டியிருந்தா, பாக்ஸைத் திருப்பிக் குடுத்துப் பணத்தை வாங்குங்க. அதுவும் உங்க காசுதான்!

சரி, வரி விலக்கு?

சம்பளக்காரர் சொந்தக் காசுல கட்டுற நெட் பில்லை சம்பள வருமானத்துல கழிக்க முடியாது. ஸ்டாண்டர்ட் டிடக்ஷன் மட்டும்தான், அது நீங்க நெட்டுக்கு எவ்வளவு கட்டினாலும் மாறாது. உங்க கம்பெனி ரீஇம்பர்ஸ்மென்ட் குடுக்குதான்னு ஹெச்ஆர்-கிட்ட கேளுங்க. குடுத்தா, பில் உங்க பெயர்ல இருக்கிறது நல்லது. அப்பா பெயர்ல இருந்தா திருப்பி அனுப்ப வாய்ப்பு அதிகம்.

"வரி கழியும்"னு நினைச்சு செலவு பண்றது நம்மள்ல நிறைய பேர் செய்யற தப்பு. 30% ஸ்லாப்ல இருக்கிறவருக்கே 100 ரூபாய் செலவுக்கு சுமார் 31 ரூபாய்தான் மிச்சம். மீதி 69 போனது போனதுதான்.

நம்ம க்ளையன்ட் அந்த ஞாயித்துக்கிழமையே மாட்டிட்டார். மிச்சமாகிற 589 ரூபாயை மாசாமாசம் எமர்ஜென்சி ஃபண்டுக்கு மாத்தச் சொல்லியிருக்கேன். நீங்களும் முதல்ல பரணைப் பாருங்க, அப்புறம் பர்ஸைத் திறங்க!