படிப்புக்குப் பின் – 9: உடைந்த போல்ட்டைப் படிக்கத் தெரிந்தவர்கள்

2013 மார்ச் மாதம். சான் ஃபிரான்சிஸ்கோவையும் ஓக்லாந்தையும் இணைக்கும் வளைகுடாப் பாலத்தின் புதிய கிழக்குப் பகுதி முடியும் தறுவாயில் இருந்தது. சுமார் 640 கோடி டாலர் செலவில் எழுந்த கட்டுமானம். நிலநடுக்கம் வந்தால் பாலத்தைத் தூணோடு பிடித்து நிறுத்த 96 எஃகுத் தண்டுகளைப் பொருத்தியிருந்தார்கள். 3 அங்குல விட்டம், மேலே துத்தநாகப் பூச்சு. அவற்றை இழுத்து இறுக்கிய இரண்டு வாரங்களுக்குள் 32 தண்டுகள் முறிந்துவிட்டன. பாலத்தில் அப்போது ஒரு வண்டிகூட ஓடவில்லை. தாங்க வேண்டியதற்கு மேல் சுமை எதுவும் ஏறவில்லை.

முறிவைத் தேடிப் போனவர்கள் கண்டது ஹைட்ரஜனை. அந்தத் தண்டுகள் 2008-இலேயே செய்யப்பட்டவை. இறுக்கப்படும் நாள்வரை பல ஆண்டுகள் குழிக்குள் கிடந்தன. குழியில் மழைநீர் தேங்கியது. கடினமான எஃகுக்குள் ஹைட்ரஜன் அணுக்கள் நுழைந்துவிட்டால், அது இழுவையில் இருக்கும்போது படிகங்களின் எல்லை வழியாக மெல்ல விரிசல் ஓடும். ஒருநாள் சட்டென்று முறியும். கடைசியில் எஃகுச் சேணம் ஒன்றை அமைத்து, சுமார் 2.5 கோடி டாலர் செலவழித்து நிலைமையைச் சரிசெய்தார்கள்.

மெட்டீரியல்ஸ், மெட்டலர்ஜி முடித்த பிள்ளைகளின் பெற்றோர் கேட்கும் கேள்விக்கு இங்கிருந்து பதில் சொல்வதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. "மெக்கானிக்கல் தெரியும், சிவில் தெரியும்; இது என்ன படிப்பு, இதற்கு யார் வேலை தருவார்கள்?" என்கிறார்கள். அந்த 32 தண்டுகள் ஏன் முறிந்தன என்று சொல்லத் தெரிந்தவருக்கு, அதைவிட முக்கியமாக முறியாமல் செய்யத் தெரிந்தவருக்கு வேலை உண்டு.

அமெரிக்கா வரை போக வேண்டாம். கார், லாரி எஞ்சின்களுக்கு 12.9 தர போல்ட் செய்யும் எந்தத் தொழிற்சாலையிலும் இதே ஆபத்து தினமும் இருக்கிறது. 12.9 என்றால் சதுர மில்லிமீட்டருக்கு 1,200 நியூட்டன் இழுவையைத் தாங்கும் எஃகு. அதன்மேல் மின்முலாம் பூசும்போது, அமிலத் தொட்டியிலும் முலாம் தொட்டியிலும் ஹைட்ரஜன் உள்ளே போகிறது. அதனால் பூச்சு முடிந்த நான்கு மணி நேரத்துக்குள் போல்ட்டுகளை அடுப்பில் ஏற்றி, 200 டிகிரி அளவில் பல மணி நேரம் வைத்து அந்த ஹைட்ரஜனை வெளியேற்ற வேண்டும். அன்று அடுப்பு காலியாக இல்லை, லோடு அனுப்பும் அவசரம், "நாளைக்குப் பார்த்துக்கலாம் சார்" என்று ஷிஃப்ட்டில் யாராவது சொன்னால், "இந்த லாட் போகாது" என்று சொல்லி நிறுத்த ஒருவர் வேண்டும். அந்த ஒருவர்தான் மெட்டலர்ஜிஸ்ட். ஆனால் அவருடைய அடையாள அட்டையில் அநேகமாக 'குவாலிட்டி' என்றோ 'ஹீட் ட்ரீட்மென்ட்' என்றோதான் இருக்கும்.

இந்தத் துறையின் வேலைவாய்ப்பைப் புரிந்துகொள்ள இது முதலில் தெரிய வேண்டும். வேலைத் தளங்களில் 'மெட்டீரியல்ஸ் இன்ஜினியர்' என்று தட்டித் தேடினால் கிடைப்பது கொஞ்சம். குவாலிட்டி, பிராசஸ், வெல்டிங், வார்ப்படம், பரிசோதனைக்கூடம், முறிவு ஆய்வு, சப்ளையர் தரம் என்ற பெயர்களில் தேடினால் கதவுகள் தெரியும். கல்லூரி வளாகத்துக்குள் பெரிய பஸ்ஸில் வந்து இறங்கி ஆளெடுப்பவை பெரும்பாலும் மென்பொருள் நிறுவனங்கள். நம் துறையின் பட்டறைகள் பலவும் அப்படி வருவதில்லை. நாம்தான் போக வேண்டும்.

எங்கே போவது? கோவையிலிருந்து தொடங்கலாம். பம்ப், மோட்டார், வால்வு, வாகன உதிரிபாகம் என்று வார்ப்படத் தொழில் ஊன்றிய ஊர். அங்கே எஸ்.ஜி. இரும்பு வார்க்கும் ஃபவுண்டரியில் ஆறு மாதம் நின்றால், நான்கு ஆண்டு படித்தது கைக்கு வரும் என்று உறுதியாகச் சொல்வேன். சாதாரண வார்ப்பிரும்பில் கார்பன் தகடு தகடாக நிற்கும். அதனால் இரும்பு எளிதில் உடையும். உருகிய இரும்பில் மிகக் கொஞ்சம் மெக்னீசியம் சேர்த்தால் அதே கார்பன் உருண்டை உருண்டையாக மாறி, இரும்புக்கு நெகிழும் குணம் வருகிறது. சிக்கல் எங்கே என்றால், மெக்னீசியம் 1,090 டிகிரியிலேயே கொதித்துவிடும். உருகிய இரும்போ 1,400-க்கு மேல். கரண்டியில் போட்ட நொடியிலிருந்து மெக்னீசியம் ஆவியாகிக்கொண்டே இருக்கும். பத்துப் பதினைந்து நிமிடங்களுக்குள் அச்சில் ஊற்றி முடிக்காவிட்டால் உருண்டைகள் சிதையத் தொடங்கும். கிரேன் நின்றுபோனது, அச்சு தயாரில்லை என்று தாமதமான கரண்டியை ஊற்றுவதா, திரும்ப உலையில் கொட்டுவதா என்ற முடிவை வெக்கையில் நின்றபடி அங்கேயே எடுக்க வேண்டும். பிறகு துண்டு வெட்டி, எமரித் தாளில் தேய்த்து, பாலிஷ் செய்து, நுண்ணோக்கியில் பார்த்தால் அந்த முடிவு சரியா தவறா என்பது கண்ணெதிரே தெரிந்துவிடும். இதைவிட நல்ல பள்ளிக்கூடம் எனக்குத் தெரியாது.

சம்பளத்தை மறைக்க விரும்பவில்லை. சிறு, நடுத்தர ஃபவுண்டரிகளில் தொடக்கச் சம்பளம் குறைவு. வேலை நேரம் நீளம். வீட்டுக் கடன் தலைக்கு மேல் இருக்கும் பிள்ளை மென்பொருள் வேலையை எடுத்துக்கொண்டால் அதில் குறை சொல்ல எதுவுமில்லை. ஆனால் 'இரண்டு வருஷம் ஐ.டி.யில் இருந்துவிட்டு கோர் வேலைக்குத் திரும்பிவிடலாம்' என்ற எண்ணம் பெரும்பாலும் பலிப்பதில்லை. இந்தத் தொழிலில் கண்ணும் கையும் பழக வேண்டும். பழக வேண்டிய ஆண்டுகள் முதல் இரண்டு மூன்றுதான்.

பெண் பட்டதாரிகளுக்கு இன்னொரு சுவர் இருக்கிறது. "ஃபவுண்டரி உங்களுக்குச் சரிப்படாது, லேபில் வேண்டுமானால் பார்க்கலாம்" என்று நேர்முகத்திலேயே சொல்லிவிடுகிறார்கள். உலைப் பக்கமே விடாமல் ஒரு மெட்டலர்ஜிஸ்டை வளர்க்க முடியாது. இது திருத்தப்பட வேண்டிய அநியாயம். தளத்தில் வேலை வேண்டும் என்று கேட்கத் தயங்காதீர்கள்.

திருச்சியின் கதை வெல்டிங். 1960-களில் பெல் நிறுவனத்தின் பாய்லர் ஆலை வந்ததிலிருந்து, சுற்றிலும் சிறு ஃபேப்ரிகேஷன் பட்டறைகள் முளைத்தன. பெல்லுக்குச் சொந்தமான வெல்டிங் ஆராய்ச்சி நிலையமும் அங்கேதான். அனல்மின் நிலையத்தின் நீராவிக் குழாயில் வரும் 9 சதவீத குரோமிய எஃகைப் பற்றவைக்கும் முன் சூடாக்க வேண்டும். பற்றவைத்த பிறகு 760 டிகிரி அளவில் மறுபடி சூடேற்றிப் பதப்படுத்த வேண்டும். இதில் பிசகினால் இணைப்பு சில ஆண்டுகளில் விரிசல் விடும். இதைக் கற்றவருக்கு வளைகுடா நாடுகளின் எண்ணெய், எரிவாயு ஆலைகள்வரை வழி இருக்கிறது. அங்கே பட்டத்தோடு வெல்டிங் இன்ஸ்பெக்டர் சான்றிதழும், அல்ட்ராசானிக், ரேடியோகிராஃபி போன்ற சேதமில்லாச் சோதனைகளில் இரண்டாம் நிலைச் சான்றிதழும் கேட்பார்கள். பணம் கட்டினால் சான்றிதழ் வந்துவிடும் என்று விளம்பரம் செய்யும் இடங்களை விட்டு விலகி நில்லுங்கள். தளத்தில் கருவியைக் கொடுத்து 'குறையைக் காட்டு' என்றால் காட்டத் தெரிய வேண்டும்.

ஆராய்ச்சியில் மனம் உள்ளவர்களுக்குக் கல்பாக்கம் இருக்கிறது. 500 மெகாவாட் முன்மாதிரி வேக ஈனுலையில் திரவ சோடியம் ஓடுகிறது. அந்தச் சூட்டில் பல பத்தாண்டுகள் தாங்க வேண்டிய, கார்பனைக் குறைத்து நைட்ரஜன் சேர்த்த துருவேறா எஃகைப் பற்றி இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில் ஒரு தலைமுறையே உழைத்திருக்கிறது. அணுசக்தித் துறையின் பயிற்சிப் பள்ளி மெட்டலர்ஜி பட்டதாரிகளைத் தனிப் பிரிவாகவே எடுக்கிறது. காரைக்குடியின் மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், ஹைதராபாத்தின் மிதானி, பாதுகாப்பு உலோகவியல் ஆய்வகம், ஜாம்ஷெட்பூரின் தேசிய உலோகவியல் ஆய்வகம் ஆகியவையும் கவனத்தில் இருக்கட்டும். அரசுத் துறை என்றால் கேட் தேர்வு எழுதுவது நல்லது. விளம்பரத்தில் 'மெட்டலர்ஜி' என்று மட்டும் இருந்து உங்கள் பட்டம் 'மெட்டீரியல்ஸ் சயின்ஸ்' என்றால், இணைச் சான்று பற்றிக் கல்லூரியில் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். கடைசி நாளில் அலைவது வீண்.

சிப், பேட்டரி பற்றி இப்போது எல்லோரும் பேசுகிறார்கள். குஜராத்தின் சானந்திலும் தோலேராவிலும், கிருஷ்ணகிரி மாவட்டத்தில் போச்சம்பள்ளி பக்கமும் பெரிய முதலீடுகள் வருகின்றன. நல்லதுதான். ஆனால் அறிவிப்பு வந்த அன்றே வேலை வந்துவிடாது. ஆலை எழுந்து உற்பத்தி நிலைப்பட ஆண்டுகள் ஆகும். அதையே நம்பி ஓராண்டு சும்மா இருப்பதைவிட, எக்ஸ்ரே விளிம்புவிலகலும் மின்னணு நுண்ணோக்கியும் கையாளத் தெரிந்த ஆளாக இருப்பது எந்த ஆலைக்கும் உதவும்.

நான் அதிகம் நம்புவது பழைய எஃகையே. இந்தியா உலகின் இரண்டாவது பெரிய எஃகு உற்பத்தி நாடு. 2017-இன் தேசிய எஃகுக் கொள்கை 2030-31-க்குள் ஆண்டுக்கு 30 கோடி டன் திறனை இலக்காக வைத்தது. ஊதுலை வழியில் ஒரு டன் எஃகு செய்தால் சுமார் 2 டன் கார்பன் டை ஆக்சைடு வெளியேறும். இதை இனி ஐரோப்பா எல்லையிலேயே கணக்குப் பார்க்கிறது. 2023 அக்டோபரில் விவரம் கேட்பதோடு தொடங்கிய அவர்களது கார்பன் எல்லை வரி, 2026 ஜனவரியிலிருந்து பணமாகிறது. எஃகுத் தகடு மட்டுமல்ல, திருகும் போல்ட்டும் அந்தப் பட்டியலில் உண்டு. அப்படியென்றால் ஐரோப்பாவுக்கு போல்ட் அனுப்பும் நம் ஊர் ஆலைக்கும் கம்பி எந்த உலையில் உருகியது, எத்தனை பங்கு பழைய இரும்பு, பதப்படுத்தும் அடுப்பு எவ்வளவு மின்சாரம் தின்கிறது என்று கணக்கு வைக்க ஆள் வேண்டும். அந்தக் கணக்கைக் குறைக்கவும் ஆள் வேண்டும். பழைய இரும்பை அதிகம் சேர்த்தால் அதோடு வரும் செம்பு எஃகைச் சூட்டில் விரிசல் விடச் செய்யும். அதற்கு வழி காண்பது மெட்டலர்ஜி படித்தவரின் வேலை. கடைசி ஆண்டுப் புராஜெக்டுக்குத் தலைப்புத் தேடும் மாணவர்கள் இதில் ஒன்றை எடுத்துக்கொண்டு, பக்கத்து ஊர்ப் பட்டறையின் மேலாளரிடம் போய் ஒரு மாதம் நிற்க அனுமதி கேளுங்கள்.

(தொடரும்)