ஈழத்திலிருந்து வந்தோர்க்கு வேலை

சங்கப் புலவருள் மதுரை ஈழத்துப் பூதன்றேவனார் என்பார் ஒருவர் உளர். அகநானூறு, குறுந்தொகை, நற்றிணை என்னும் மூன்று தொகைகளிலுமாக அவர் பாடிய ஏழு பாட்டுக்கள் நமக்குக் கிடைத்துள்ளன. அவர் எவ்வாறு வந்தார், எங்குத் தங்கினார், எத்தொழில் செய்து வாழ்ந்தார் என்பவற்றுள் ஒன்றையும் அப்பாட்டுக்கள் சொல்லவில்லை. பெயர் மட்டுமே சான்று. ஆயினும் அப்பெயரில் மதுரையும் ஈழமும் ஒருங்கே நிற்றலை நோக்குக. ஈழத்தினின்றும் வந்த ஒருவரை இம்மாநகர் தன் பெயரை முன்னே வைத்து அழைத்துள்ளது. அவரிடம் அடையாளச் சீட்டுக் கேட்டார் எவரும் இலர் போலும்.

இன்றும் மதுரையைச் சுற்றி ஈழத்தார் வாழ்கின்றனர். ஆனையூர், திருமங்கலத்தை அடுத்த உச்சப்பட்டி, மணிவாசகர் பிறந்த திருவாதவூர் ஆகிய இடங்களில் அவர்தம் முகாம்கள் உள்ளன. 1983ஆம் ஆண்டு சூலைத் திங்களில் இலங்கையில் நிகழ்ந்த கொடுமைக்குப் பின் மக்கள் தோணியேறி இராமேசுவரக் கரையை அடையத் தொடங்கினர். 2010 வரையில் அலை அலையாக வந்தோர் ஏறத்தாழ 3 இலட்சம் பேர். அவர்களை முதலில் ஏற்றது மண்டபம் முகாம். ஒரு காலத்தில் இங்கிருந்து தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்ற கூலியாட்களைச் சோதித்து அக்கரைக்கு அனுப்பியதும் அதே முகாமே. தாத்தன் போன வழியே பேரன் திரும்பி வந்த குடும்பங்கள் பல. வந்தோருட் பலர் பின்னர்த் திரும்பினர். சிலர் பிற நாடுகளுக்குச் சென்றனர். 2021ஆம் ஆண்டுக் கணக்கின்படி தமிழ்நாட்டு முகாம்களில் ஏறத்தாழ 58,000 பேரும், முகாமுக்கு வெளியே ஏறத்தாழ 34,000 பேரும் எஞ்சியிருந்தனர். அவ்வாண்டு அரசு, பழுதுற்ற 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டித்தர முன்வந்தது; மாத உதவித்தொகையைக் குடும்பத் தலைவர்க்கு 1,500 ரூபாயாகவும், பிற பெரியோர்க்கு 1,000 ரூபாயாகவும், சிறுவர்க்கு 500 ரூபாயாகவும் உயர்த்தியது. அகதிகள் முகாம் என்னும் பெயரும் அப்பொழுதே நீங்கி, இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் என்றாயிற்று. அகதி என்பது கதியற்றவன் எனப் பொருள்படும் வடசொல். அதனினும் நன்றென்று சிலர் வழங்கும் ஏதிலி என்னும் தமிழ்ச்சொல்லோ அயலான் என்னும் பொருட்டு. இருசொல்லும் எமக்கு உவப்பாக இல்லை.

ஐவர் கொண்ட குடும்பம் இவ்வுதவித்தொகை கொண்டு திங்கள் முழுதும் வாழ இயலாது. ஆதலின் அவர்கள் வேலைக்குச் செல்கின்றனர். எவ்வேலைக்கு என்பதே ஈண்டு யாம் பேசக் கருதியது.

நாகமலைப் புதுக்கோட்டையிலே தேனிச் சாலையின் இருமருங்கும் நாளுக்கு நாள் புதுவீடுகள் எழுகின்றன. அவற்றுக்கு வண்ணம் பூச வருவோருள் முகாம் இளைஞரும் உளர். சாரத்தின் மேல் நின்றிருந்த அத்தகையார் ஒருவரோடு யாம் ஒருநாள் உரையாட நேர்ந்தது. அவர் கணிப்பொறியியலிற் பட்டம் பெற்றவர். பிறந்ததும் வளர்ந்ததும் மதுரை மாவட்டத்திலேயே. இலங்கையைக் கண்ணாற் கண்டதும் இல்லை. படிப்புக்கேற்ற வேலை தேடவில்லையா அண்ணா என்று வினவினோம். “மூன்று இடத்துக்குப் போனேன் தம்பி. நன்றாகத்தான் பேசினார்கள். பாஸ்போர்ட் கேட்டார்கள். இல்லை என்றதும் பிறகு சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள்” என்றார். பின் சற்றுச் சிரித்து, “இன்னும் சொல்லி அனுப்பவில்லை” என்று கூறித் தூரிகையை எடுத்துக்கொண்டார். முகாம்களை அறிந்தோர்க்கு இது புதுக்கதை அன்று. அண்ணன் படித்துச் சாரம் ஏறுதலைக் கண்ட தம்பி, படியாமலே சாரம் ஏறலாமே என்று பள்ளியை விட்டு நிற்றலும் உண்டு.

இந்நிலைக்குக் காரணம் யாது? ஒரு பகுதி சட்டத்தில் உள்ளது. இந்தியா 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் ஒப்பமிடவில்லை. நம் குடியுரிமைச் சட்டப்படி, குடியரசான நாள்முதல் 1987 சூலை முதல் நாளுக்கு முன் வரை இம்மண்ணிற் பிறந்தோர் பிறப்பாலேயே குடிமக்களாவர். அதனால், 1986ஆம் ஆண்டு மண்டபம் முகாமிற் பிறந்த ஒரு பெண்மணிக்குப் பாஸ்போர்ட் வழங்குமாறு உயர்நீதிமன்ற மதுரைக் கிளை 2022ஆம் ஆண்டு ஆணையிட்டது. அவர் 2024ஆம் ஆண்டுத் தேர்தலில் வாக்கும் அளித்தார். ஆனால் அந்நாளுக்குப் பின் பிறந்தோர்க்குப் பெற்றோருள் ஒருவரேனும் இந்தியராதல் வேண்டும். 2004க்குப் பின் பிறந்தோர்க்கு நிபந்தனை இன்னும் கடிது. இன்று வேலை தேடும் வயதினர் ஏறக்குறைய அனைவரும் இப்பின்னோரே. அரசுப் பணி அவர்க்கு எட்டாது. 2019ஆம் ஆண்டுக் குடியுரிமைத் திருத்தமும் இலங்கையரைச் சேர்க்கவில்லை.

எஞ்சிய பகுதி சட்டத்தில் இல்லை. முதலாளிமார் நெஞ்சில் உள்ளது. ‘இவரை வைத்துக்கொண்டால் போலீசார் வருவரோ, வழக்கு வருமோ’ என்னும் அச்சம் அது. 1991ஆம் ஆண்டுத் துயர நிகழ்ச்சிக்குப் பின் முகாமினரை நாடு ஐயக்கண் கொண்டு நோக்கியது உண்மை. அவ்வையத்தின் நிழல் முப்பதாண்டு கழிந்தும் அகலவில்லை. இவர்களோ அரசின் பதிவேட்டில் பெயர் எழுதப்பெற்றவர். முகாம் அடையாள அட்டையும் ஆதாரும் உடையவர். இன்ன வீட்டில் இன்னார் என்று வருவாய்த்துறை அறிந்து வைத்திருக்கும் மக்கள். தனியார் கடைகளிலும் கட்டடங்களிலும் அவர்கள் நாற்பதாண்டாகப் பாடுபட்டு வருவது அரசு அறியாததன்று. 2021ஆம் ஆண்டு அறிவிப்பில் முகாம் இளைஞர்க்குத் தொழிற்பயிற்சி அளித்தலும் ஒரு கூறாக இருந்தது. தொழில் கற்பிக்கும் அரசு, கற்றவரை ஒருவர் வேலைக்கு அமர்த்துதலைக் குற்றமெனக் கொள்ளுமோ? மேலும், 2015 சனவரி 9ஆம் நாள் வரை வந்து பதிவு பெற்ற இலங்கைத் தமிழரைப் பாஸ்போர்ட், விசா இல்லாமை பற்றித் தண்டித்தலாகாது என்று நடுவணரசு 2025 செப்டம்பரில் விலக்கு அளித்தது. இது குடியுரிமை அன்று. எனினும் மேற்சொன்ன அச்சத்தின் வேரைப் பெரிதும் அறுத்தது. இச்செய்தி எத்தனை முதலாளிமார் செவிக்கு எட்டியதோ அறியோம்.

மிஷன் கல்லூரியிற் பயிலும் நமக்கு இப்பொருளில் மறத்தற்கரிய கடன் ஒன்று உண்டு. மதுரையில் 1834ஆம் ஆண்டு அமெரிக்க மிஷனைத் தொடங்கியோர் நேரே அமெரிக்காவினின்று வந்தவரல்லர். யாழ்ப்பாண மிஷனிலிருந்து கடல் கடந்து வந்தவர். அவர்களோடு யாழ்ப்பாணத் தமிழரும் உதவியாளராக வந்தனர். இந்நகரின் மிஷன் பள்ளிகள் ஈழத்தார் கைபட்டு எழுந்தவை என்றல் மிகையன்று. தமிழ் பயில்வோர் பட்ட கடன் இன்னும் பெரிது. வட்டுக்கோட்டையில் அம்மிஷன் நடத்திய கலாசாலையிற் கற்றுச் சென்னைக்கு வந்த சி. வை. தாமோதரம்பிள்ளை, சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளுள் ஒருவர். இந்நாடு அவர்க்கு உத்தியோகம் தந்தது. அவர் இந்நாட்டுக்கு 1887ஆம் ஆண்டு கலித்தொகையை அச்சிட்டுத் தந்தார். அன்று அவரையும், பிறகு சொல்லி அனுப்புகிறோம் என்று திருப்பியிருந்தால் நம் பாடப்புத்தகங்களுட் சில எந்நிலையில் இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம். பிற நாட்டாரை வேலைக்கு அமர்த்துதல் தமிழர்க்குப் புதிதும் அன்று. புகார் நகரத்து மண்டபம் ஒன்றை மகதம், மராட்டம், அவந்தி, யவனம் ஆகிய நாட்டுத் தொழிலாளர் தமிழ்த் தொழிலாளரோடு கூடி அமைத்ததாக மணிமேகலை கூறும்.

“நம் பிள்ளைகளுக்கே வேலை இல்லை, வந்தவர்க்கு எங்ஙனம் கொடுப்பது?” என்பார் உளர். இவ்வினாவை யாம் எளிதாகத் தள்ளோம். எம் வகுப்பில் அமர்ந்திருப்போர் அனைவரும் நாளை வேலை தேடப்போகிறவர்களே. ஆனால் இவர்கள் புதிதாக வந்து போட்டியிடுவோர் அல்லர். ஏற்கெனவே இங்கு உழைப்பவர்கள். படிப்புக்குத் தாழ்ந்த வேலையைத் தாழ்ந்த நிபந்தனையிற் செய்பவர்கள். வேறு வழியற்றவன் எக்கூலிக்கும் இசைவான். அதனாற் குறைவது அவன் அருகில் நின்று உழைக்கும் உள்ளூரான் கூலியுமே. இருவர்க்கும் ஒரே கூலி, ஒரே ஒப்பந்தம் என்றானால் உள்ளூரானுக்கும் அது காப்பாகும். பிற நாடுகள் இதைச் செய்துள்ளன. நம்மினும் வறிய உகாண்டா 2006ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஏதிலியர்க்கு வேலை செய்யும் உரிமை வழங்கியது. 1986 ஆகஸ்டில் கனடாவின் நியூபவுண்ட்லாந்து கடலில் இரு படகுகளில் மிதந்த 155 தமிழரை அங்குள்ள மீனவர் கரையேற்றினர். அந்நாட்டிற் குடியேறிய ஈழத்தமிழருள் இன்று மருத்துவரும் வழக்கறிஞரும் நாடாளுமன்ற உறுப்பினரும் உளர். அவர்தம் உறவினர் இங்கே உச்சப்பட்டியில் இருக்கக்கூடும்.

நம் கல்லூரியிற் பயின்று இன்று ஆலை, அச்சகம், மருத்துவமனை, கணக்கர் அலுவலகம், பள்ளி முதலியவற்றை நடத்திவரும் பழைய மாணவர்களை நோக்கியே இதனை எழுதுகின்றோம். நாகமலையின் அடிவாரத்திலே கல்லூரிகளும் கடைகளும் பெருகி வருகின்றன; கணக்கெழுதவும் கணிப்பொறி இயக்கவும் ஆள் இல்லை என்று விளம்பரப் பலகை தொங்கும் இடங்கள் பல. விண்ணப்பிப்போரிடம் பாஸ்போர்ட் இல்லாவிடின், அவ்வேலைக்கு அது மெய்யாகவே வேண்டுமோ என்று முதலில் தம்மைத் தாமே கேட்டுக்கொள்க. வெளிநாடு செல்லும் வேலையாயின் வேண்டும். மேலூர்ச் சாலைக் கிடங்கில் இருப்புக் கணக்கெழுத வேண்டுவதில்லை. ஐயம் இருப்பின் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திற் கேட்டறியலாம். 1984ஆம் ஆண்டு முதல் முகாமினரின் கல்விக்காகப் பாடுபட்டு வரும் ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகமும் பட்டம் பெற்றோரை அறிமுகப்படுத்த வல்லது. நம் கல்லூரியில் நடைபெறும் வேலைவாய்ப்பு முகாமுக்கு முகாம் மாணவரையும் அழைக்குமாறு ஆசிரியர்களை வேண்டுகின்றோம்.

இன்னும் ஒன்று. முகாம்களிற் குறித்த நாளில் அலுவலர் வந்து தலைக்கணக்கு எடுப்பர். அப்பொழுது அங்கு இல்லாதவர்க்கு உதவித்தொகை தடைப்படலாம். வேலைக்கு அமர்த்துவோர் அந்நாளை முன்னரே கேட்டுக் குறித்துக்கொண்டு, கூலி பிடியாமல் அரைநாள் விடுப்பு அளித்தல் வேண்டும்.