நிற்கப் பழகும் கால்கள்

மும்பையில் ஜனவரி மாரத்தானுக்குத் தயாராகும் அலுவலக ஓட்டக்காரர்களுக்கு ஓடச் சொல்லித்தர வேண்டியதில்லை. நடுவே மெதுவாகப் போகச் சொல்வதுதான் பெரும்பாடு.

காலை மணி ஐந்தரை. மும்பை நேப்பியன் சீ ரோட்டில் கடலை ஒட்டியிருக்கும் பிரியதர்ஷினி பூங்காவின் ஓடுதளத்தில் இன்னும் இருட்டு விலகவில்லை. மழை ஓய்ந்து புழுக்கம் ஆரம்பிக்கும் அக்டோபர் மாதம். ஓடுவதற்கு முன்பே சட்டை முதுகில் ஒட்டிக்கொள்கிறது. வங்கி அதிகாரி, பல் மருத்துவர், ஜவுளி வியாபாரி, கல்லூரி மாணவர்கள் இருவர் என்று பதினான்கு பேர் குதிகாலைத் தூக்கியும் இறக்கியும் தயாராகிறார்கள்.

அவர்களில் ஒருவர் 43 வயது இன்ஷூரன்ஸ் நிறுவன ஊழியர். தாதரில் லோக்கல் பிடித்து, கிராண்ட் ரோட்டில் இறங்கி, டாக்ஸியில் வந்திருக்கிறார். கணவருக்கும் மகளுக்கும் டிபன் டப்பா நேற்றிரவே பாதி தயாராகிவிட்டது. ஜனவரியில் அரை மாரத்தானை, அதாவது 21.097 கிலோமீட்டரை, இரண்டரை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும் என்பது ஆசை. போன ஜனவரியிலும் அதே ஆசைதான். போட்டி எண் அச்சிட்ட துணிகூடக் கைக்கு வந்துவிட்டது. ஆனால் அதற்குள் இடது கீழ்க்கால் எலும்பில் மயிரிழை விரிசல். போட்டி நாளன்று காலை நீட்டி டி.வி.யில் பார்த்தார். அந்தத் துணி இன்னும் பீரோவில் இருக்கிறது.

“ஓடாததால் வந்த வலி இல்லை அது. ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் இங்கே பந்தயம் ஓடியதால் வந்தது” என்கிறார் பயிற்சியாளர். ஒரு காலத்தில் ரயில்வே அணிக்காக ஓடியவர். கழுத்தில் ஸ்டாப்வாட்ச், கையில் ஒரு நோட்டு. பெண்கள் எல்லோரும் அவருக்கு ‘தாயி’ (மராத்தியில் அக்கா).

இன்றைய பாடம் எளிமையானது. 400 மீட்டர் சுற்று எட்டு முறை. ஒவ்வொன்றுக்கும் நடுவே 200 மீட்டர் மெல்லோட்டம். மாணவர்களுக்கு ஒரு சுற்றுக்கு 80 விநாடி. இவருக்கு இரண்டரை நிமிடம். ஒரே விசிலுக்கு எல்லோரும் கிளம்புகிறார்கள். தொல்லையும் அங்கேதான் ஆரம்பிக்கிறது. முன்னால் போகிறவரின் முதுகைப் பார்த்த பிறகு கடிகாரத்தை யார் பார்க்கிறார்கள்? முதல் சுற்றை இவர் 2 நிமிடம் 18 விநாடியில் முடித்துவிட்டுச் சிரிக்கிறார். பயிற்சியாளர் சிரிக்கவில்லை. “தாயி, 12 விநாடி கடன் வாங்கியிருக்கிறீர்கள். ஏழாவது சுற்றில் வட்டியோடு கேட்கும்.”

இந்தப் பயிற்சிக்கு ‘இன்டர்வல்’ என்று பெயர் வந்ததே ஓட்டத்தால் அல்ல, நடுவில் வரும் இடைவெளியால்தான். 1930களில் ஜெர்மனியில் பயிற்சியாளர் வோல்டெமார் கெர்ஷ்லரும் இதய மருத்துவர் ஹான்ஸ் ரைன்டெலும் இந்த முறைக்குக் கணக்கு வகுத்தார்கள். நாடித்துடிப்பு 180 வரை ஏறட்டும். ஒன்றரை நிமிடத்துக்குள் 120க்கு இறங்கினால் அடுத்த ஓட்டம். இறங்காவிட்டால் ஓடியது அதிகம். இதயம் பலப்படுவது அந்த இளைப்பாறும் நேரத்தில்தான் என்பது அவர்கள் கட்சி. இன்றைய உடலியல் அதை அப்படியே ஏற்பதில்லை, வேக ஓட்டத்துக்கும் பங்கு தருகிறது. ஆனால் இடைவெளி இல்லாமல் அந்த வேகத்தில் அத்தனை தூரம் ஓட முடியாது என்பதில் மாற்றமில்லை. கெர்ஷ்லரின் சீடர் ருடால்ஃப் ஹார்பிக் 1939இல் 800 மீட்டரை 1 நிமிடம் 46.6 விநாடியில் ஓடி உலக சாதனை படைத்தார்.

ஆனால் ஓட்டக்காரர்கள் மனதில் நிற்பவர் ஹார்பிக் அல்ல, எமில் ஸாட்டோபெக். 400 மீட்டரை ஒரே நாளில் ஐம்பது, அறுபது முறை ஓடிப் பழகிய செக் வீரர். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் 5,000, 10,000 மீட்டர், மாரத்தான் மூன்றிலும் தங்கம். அலுவலகம் போகிறவர்களுக்கு அவரைவிடப் பொருத்தமான முன்மாதிரி ரோஜர் பானிஸ்டர். 1954இல் ஒரு மைலை முதன்முதலில் நான்கு நிமிடத்துக்குள் ஓடியபோது அவர் மருத்துவ மாணவர். பகல் இடைவேளையில் கிடைத்த கொஞ்ச நேரத்தில் பயிற்சி செய்தவர்.

இங்கே ஐந்தாவது சுற்று ஓடிக்கொண்டிருக்கிறது. பேச்சு நின்றுவிட்டது. மூச்சிரைப்பும் கடல் அலையும் மட்டும் கேட்கின்றன. இவருடைய நேரம் 2:29, 2:30 என்று ஒழுங்குக்கு வந்திருக்கிறது. ஏழாவது சுற்று 2:38. இடது காலை லேசாகத் தாங்கி வைக்கிறார். “இன்னும் ஒன்றுதானே, வாங்க, வாங்க!” என்று பல் மருத்துவர் கைதட்டுகிறார். குழுவின் பலம் இதுதான்; தனியே என்றால் இத்தனை பேரும் இன்று போர்வையை விட்டு எழுந்திருக்க மாட்டார்கள். ஆபத்தும் இதுதான்.

பயிற்சியாளர் கூப்பிடவில்லை; பார்த்துக்கொண்டே நிற்கிறார். விசில் ஊதுகிறது. பதின்மூன்று பேர் கிளம்புகிறார்கள். இவர் கோட்டுக்கு வெளியே வந்து, கீழ்க்கால் எலும்பைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்க்கிறார். குறிப்பிட்ட இடத்தில் குத்தல் இல்லை, தசைப்பிடிப்புதான். ஆனாலும் போகவில்லை. அவர்கள் ஒரு சுற்று வந்து சேரும்வரை நிற்பது, ஓடுவதைவிடச் சிரமமாக இருந்தது என்று பிறகு சொல்கிறார்.

மாலை ஆறரை. தாதரில் மாடிப்படி ஏறிப்போகும் சின்ன ஜிம். வேலையெல்லாம் காலுக்குத்தான். பாரம் சுமந்து உட்கார்ந்து எழுதல், ஒற்றைக் காலில் குந்துதல், படிக்கட்டின் விளிம்பில் நின்று குதிகாலை ஏற்றி இறக்குதல். ஓடும்போது பாதம் தரையைத் தொடும் ஒவ்வொரு முறையும் உடல் எடையைப்போல் இரண்டு மூன்று மடங்கு விசை காலில் இறங்குகிறது. கெண்டைக்கால் தசை வலுவாக இருந்தால் எலும்பின் சுமை குறையும். ‘வெயிட் தூக்கினால் உடம்பு பருத்து வேகம் போய்விடும்’ என்ற பயத்தில் பல ஓட்டக்காரர்கள் ஜிம் பக்கமே வருவதில்லை. வாரத்துக்கு இரண்டு நாள் இப்படிச் செய்தால் யாரும் பயில்வான் ஆகிவிடுவதில்லை. நாற்பதைத் தாண்டிய பெண்களுக்கு எலும்பின் உறுதி குறையத் தொடங்கும் காலம் என்பதால் இந்த இரும்பு வேலை கூடுதல் அவசியம்.

எலும்புக்கு ஓய்வு தேவைப்படுவதற்கும் காரணம் உண்டு. சுமை ஏறும்போது எலும்பு தன்னைக் கொஞ்சம் கரைத்துக்கொண்டு, பிறகு கெட்டியாகக் கட்டிக்கொள்கிறது. கரைவது வேகமாக நடக்கும். கட்டுவதற்கு வாரக்கணக்கில் ஆகும். நடுவில் அவகாசம் தராமல் ஓடினால் விரிசல். போன வருடம் இவருக்கு நடந்தது அதுதான்.

இரவு சாப்பாட்டின்போது மகள் கேட்கிறாள்: “எட்டும் முடிச்சியா ஆயி?”

“ஏழு.”

நோட்டில் அன்றைய தேதிக்கு எதிரே ஏழு நேரங்களை எழுதுகிறார். எட்டாவது கட்டம் காலி. அடுத்த நாளுக்குப் பயிற்சியாளர் ஏற்கெனவே எழுதிக் கொடுத்திருக்கும் வார்த்தை ‘ஓய்வு’. கடிகாரத்தில் வழக்கமான நாலரை மணி அலாரத்தை நிறுத்திவிட்டு, ஆறுக்கு வைக்கிறார்.