நேர்காணலுக்கு என்ன உடுத்துவது?



சிறுசேரி, சோழிங்கநல்லூர் பக்கம் வேலைக்குக் கூப்பிட்டால், "கோட்டு வாங்கணுமா? முக்காடு போட்டுப் போகலாமா?" என்பதுதான் நம் வீடுகளில் முதல் கவலை.

தலைமைச் செயலக ஊழியர்களுக்குத் தமிழக அரசு 2019-இல் சொன்ன உடை விதியைப் பாருங்கள். பெண்களுக்குச் சேலை, சல்வார் கமீஸ் அல்லது துப்பட்டாவுடன் சுடிதார். ஆண்களுக்குச் சட்டை, பேண்ட் அல்லது வேட்டி. கோட்டு, நீதிமன்றத்தில் ஆஜராகும் ஆண்களுக்குத்தான். தலையை மூடக்கூடாது என்று அதில் இல்லை. நம் பிள்ளைகள் உடுத்துவது இதற்குள் அடங்கிவிடும்.

தனியார் நிறுவனங்களின் விதி வேறாக இருக்கலாம். அழைப்பு வந்த அன்றே போனில் கேட்டுவிடுங்கள்.

நிறத்தைப் பொறுத்தவரை, கருநீலம், வெள்ளை, பழுப்பு நல்லது. நெம்மேலி வெக்கையில் பஸ் ஏறி இறங்குவதற்குள் சாம்பல் நிறத்தில் வியர்வைத் திட்டு தெரிந்துவிடும். வெள்ளையிலும் கருநீலத்திலும் அவ்வளவாகத் தெரியாது. முக்காடு துப்பட்டாவின் நிறத்திலேயே, ஜரிகை, கல் வேலை இல்லாமல் இருக்கட்டும். பருத்தித் துணியை முந்தின இரவே இஸ்திரி போட்டு வையுங்கள். அத்தர் ஒரு துளி போதும், சின்ன ஏ.சி. அறையில் வாசனை தூக்கலாக இருக்கும்.

புதுத்துணி அவசியமில்லை, சுத்தமான துணி போதும். உடையை நினைத்து எந்தப் பிள்ளையும் வந்த வாய்ப்பை விட்டுவிட வேண்டாம்.